வளை வாசலில் படுத்த தலைவர்

பட்டறை, கொல்லைப்புறம்
திங்கட்கிழமை மாலை, 2 பிப்ரவரி 1959

அன்புள்ள எல்டாவுக்கு,

நான் சௌக்கியம். நீயும் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் மூச்சுவிடும் நிலையில் இருப்பாய் என்று நம்புகிறேன்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. காதலித்த நாட்களில்கூட எழுதியதில்லை. உங்கள் வீடு அடுத்த தெருவில் இருந்ததால் நேரில் வந்து அசடு வழிவது சுலபமாக இருந்தது. இப்போது நீ சமையலறையில், நான் கொல்லைப் பட்டறையில். ஜன்னலண்டை வந்து பேசலாமென்றால் சாத்திவிடுகிறாய். ஆகவே இந்தக் காகிதம். பின்படியில் பால் கேனுக்கு அடியில் வைக்கிறேன். வாடை ஏறியிருந்தால் இடுக்கியால் எடுத்துப் படி.

போன கோடையில் நீ புட்டிகளில் அடைத்து வைத்த தக்காளிச் சாறு முழுவதும் என் தலைவழியே இறங்கிவிட்டது. ஸ்கங்க் என்கிற அந்த நாற்றப் பிராணி பீய்ச்சினால் தக்காளிதான் மருந்து என்று இந்த ஊரில் தொட்டில் குழந்தைகூடச் சொல்லும். நானும் என் வாரப் பத்திரிகைப் பத்தியில் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். அதை நம்பிக் குளித்தவர்கள் என்னைத் தேடி வந்து உதைக்காதது அவர்கள் பெருந்தன்மை. நாற்றம் துளிகூடக் குறையவில்லை. ஸ்கங்க் போட்டுக் கொதிக்க வைத்த தக்காளி சூப் மாதிரி இருக்கிறேன், அவ்வளவுதான்.

இன்று காலை நீ உன் வகுப்புப் பிள்ளைகளோடு சங்கத்து மேட்டின் அந்தப் பக்கம் நின்றிருந்தாய். நடந்தது தரையிலிருந்து எப்படித் தெரிந்தது என்று நான் சொல்கிறேன். வருஷா வருஷம் செய்வதைத்தான் செய்தேன். கிரவுண்ட்ஹாக் சங்கத்து ஆண்கள் எல்லாரும் தொப்பியைக் கழற்றிக் கண்ணை மூடி நிற்க, தலைவனாகிய நான் மட்டும் உயரத் தொப்பியோடு பனியில் குப்புறப் படுத்து வளையில் காதை வைத்தேன். உள்ளே தூங்குகிற கிரவுண்ட்ஹாக், அந்தப் பூனை பருமனுள்ள குண்டு அணில், குளிர் இன்னும் எத்தனை வாரம் இருக்கும் என்று என் காதில் சொல்ல வேண்டும். நம் முன்னோர் கப்பலில் கொண்டுவந்த வீட்டுப் பேச்சான டச்சில்தான் சொல்லும். ஆங்கிலம் காதில் விழுந்தால் கோபித்துக்கொண்டு வசந்தத்தைத் தள்ளிப் போட்டுவிடும். அதனால் மேட்டில் ஆங்கிலம் பேசக் கூடாது, யாராவது பேசினாலும் காதில் வாங்கக் கூடாது. இத்தனை வருஷத்தில் அந்த வளையிலிருந்து ஒரு முனகல்கூடக் கேட்டதில்லை என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

இன்று கேட்டது. டப் டப் டப் என்று. வளைக்குள்ளே இல்லை, என் தலைக்குப் பக்கத்தில். மரங்கொத்தி என்று நினைத்தேன். அப்போது யாரோ ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் கத்தியது. வழக்கப்படி கையைத் தூக்கி, "மேட்டுல ஆங்கிலம் கிடையாது, எடு அபராதத்தை" என்றேன். ஆண்கள் சிரித்தார்கள். சிரிப்பு முடிவதற்குள் எனக்கு உலகம் மஞ்சளாகிவிட்டது.

உபதலைவர் வில்மர் லெஸர் அங்கேயே தீர்மானம் போட்டுவிட்டார். கிரவுண்ட்ஹாக் போய் ஸ்கங்க் குடியேறிவிட்டதாம், சனிக்கிழமை வளைக்குள் கந்தகப் புகை போட்டு உள்ளே இருப்பதையெல்லாம் ஒழித்துவிடுவதாம். பாதி மேட்டைத் தாண்டி நின்றுகொண்டு, "தலைவரே, சம்மதம்தானே?" என்றார். கண்ணைத் திறக்க முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

இரவுக்கு என்ன சமையல்?

உன் நாறும் கணவன்,
ஹர்மன்

•

சமையலறை
செவ்வாய்க்கிழமை, 3 பிப்ரவரி

மகாகனம் பொருந்திய தலைவர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இடுக்கி போதவில்லை. கொடியில் உலர்த்தியபின் படித்தேன்.

உங்கள் கோட்டைத் தோட்டத்தில் புதைத்தாகிவிட்டது. தரை உறைந்து கிடப்பதால் ஆழமாகத் தோண்ட முடியவில்லை, முட்டைக்கோஸ் பாத்திப் பக்கம் போக வேண்டாம். தொப்பி சங்கத்துச் சொத்து, அதைப் புதைக்க எனக்கு அதிகாரமில்லை. பட்டறையின் வெளிச்சுவரில் ஆணியில் மாட்டியிருக்கிறேன். உங்கள் தலைமையை இப்போது அடுத்த ஊர்க்காரர்களும் உணரலாம். தட்டில் பன்றி இறைச்சியும் புளித்த முட்டைக்கோஸும் இருக்கின்றன. தட்டைத் திருப்பித் தர வேண்டாம், உங்களுக்கே.

"யாரோ ஒரு பிள்ளை" என்று எழுதியிருக்கிறீர்கள். யாரோ இல்லை. ரோடா. போன இலையுதிர் காலத்தில் ஓஹையோவிலிருந்து வந்த குடும்பம், வீட்டில் ஆங்கிலம் மட்டும்தான். பள்ளியில் சேர்ந்ததிலிருந்து அந்தக் குழந்தை வகுப்பில் வாய் திறந்ததே இல்லை. பெயர் கேட்டால் தன் காலணியைப் பார்ப்பாள். போன வாரம்தான் ஸ்கங்க் பாடம் நடத்தினேன். அது முன்காலால் தரையைத் தட்டினால் "கிட்டே வராதே" என்று அர்த்தம், உடனே மெதுவாகப் பின்வாங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். எல்லாரும் மேஜையைத் தட்டி விளையாடினார்கள், அவள் மட்டும் சும்மா இருந்தாள்.

நேற்று மேட்டில் நீங்கள் எல்லாரும் கண்ணை மூடிப் பக்தியோடு நிற்கிறீர்கள். ராத்திரி இரை தேடப் போன ஸ்கங்க் வீடு திரும்புகிறது. தன் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு தடியர் படுத்திருக்கிறார். பாவம், அது மரியாதையாகத்தான் தட்டியது. அதைப் பார்த்துக் கத்தியவள் ரோடா. "எந்திரிங்க மாமா, அது காலைத் தட்டுது" என்றாள். அவள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நீங்கள் அபராதம் போட்டீர்கள். ஊர் ஆண்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். இன்று அவள் காலணியைக்கூடப் பார்க்கவில்லை, மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள்.

மற்றவர்கள் உங்களைப் பற்றிக் கேட்டு வாய் ஓயவில்லை.

"டீச்சர், கிஸ்ட்லர் மாமா செத்துட்டாரா?"

"இல்ல. பட்டறையில இருக்காரு."

"அப்ப அவரு இனிமே ஸ்கங்க்கா?" இது வில்மரின் பேரன் ஆர்லன்.

"ஸ்கங்க்குக்குத் தன்னோட நாத்தம் தெரியுமா?"

"அது ஏன் மாமா மேல மட்டும் அடிச்சுது? மாமா என்ன பண்ணாரு?"

நான் புத்தகத்தில் படித்துச் சொல்பவள். நீங்கள் முகத்தோடு முகம் பார்த்தவர். பதிலை நீங்களே எழுதுங்கள், வகுப்பில் படித்துக் காட்டுகிறேன். ரோடாவும் கேட்பாள். அசடு வழியாமல் எழுதவும்.

எல்டா

•

பட்டறை
புதன்கிழமை, 4 பிப்ரவரி

சின்ன வகுப்புச் செல்லங்களுக்கு,

கிஸ்ட்லர் மாமா சாகவில்லை. ஸ்கங்க்காகவும் மாறவில்லை. வால் முளைக்கிறதா என்று தினமும் தடவிப் பார்க்கிறேன், இதுவரை இல்லை.

முதலில் அதன் அழகைச் சொல்கிறேன். பூனை அளவு இருக்கும். உடம்பெல்லாம் மைக்கறுப்பு. தலை உச்சியில் தொடங்கி முதுகில் இரண்டாகப் பிரிந்து ஓடும் வெள்ளைப் பட்டை. வால் மட்டும் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி புஸுபுஸுவென்று. இத்தனை பளிச்சென்று உடுத்திக்கொண்டு ஏன் இருட்டில் நடக்கிறது? மற்ற மிருகங்கள் அடையாளம் கண்டு ஒதுங்கிப் போகத்தான். அது ஒளிந்துகொள்ள ஆசைப்படுவதில்லை, ஓடவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிற பாஸ்டர் மாதிரி ஆடி ஆடித்தான் நடக்கும்.

அதற்குக் கண் சரியாகத் தெரியாது. மூக்கும் காதும் வெகு கூர்மை. பகலில் தூங்கும், பொழுது சாய்ந்ததும் கிளம்பும். என்ன சாப்பிடும்? வண்டு, வெட்டுக்கிளி, மண்ணுக்குள் இருக்கும் வெள்ளைப் புழு, எலி, முட்டை, கீழே விழுந்த ஆப்பிள். குளவிக்கூட்டைக் கூடத் தோண்டித் தின்னும். உங்கள் அப்பா காலையில் எழுந்து புல்தரையில் குட்டிக் குட்டிக் குழிகளைப் பார்த்துத் திட்டுவார் இல்லையா? ராத்திரி அங்கே விருந்து நடந்திருக்கிறது. புல்லின் வேரைத் தின்னும் புழுக்களை அது தின்றுவிட்டதற்கு அப்பா நன்றிதான் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டார்.

இப்போது நாற்றம். வாலுக்கு அடியில் இரண்டு சின்னப் பைகள், அதில் மஞ்சள் எண்ணெய். பீய்ச்சினால் பெரிய அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை போகும். ஆனால் இதைக் கவனியுங்கள். பையில் இருப்பது ஐந்தாறு முறைக்குத்தான் வரும். தீர்ந்துவிட்டால் மறுபடி ஊறுவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை வெறுங்கை. அதனால் ஸ்கங்க் பெரிய கஞ்சன். முதலில் காலைத் தட்டும். கேட்கவில்லையா, உஸ்ஸென்று சீறும். அப்போதும் கேட்கவில்லையா, வாலைத் தூக்கும். அதற்கும் அசையாத முட்டாளைக் கண்டால்தான் உடம்பை வளைத்துத் திரும்பி, வேறு வழியில்லாமல், பீய்ச்சும். மாமா என்ன பண்ணினார் என்று கேட்டீர்களே, ஒன்றுமே பண்ணவில்லை. அதுதான் தப்பு.

தன் நாற்றம் அதற்குப் பிடிக்குமா? பிடிக்காது. தன்மேல் படாமல் வெகு ஜாக்கிரதையாக அடிக்கும், தூங்குமிடத்தில் அடிக்காது. பெரிய கொம்பு ஆந்தை மட்டும் ஸ்கங்க்கைப் பிடித்துத் தின்னும், ஏனென்றால் ஆந்தைக்கு வாசனை அவ்வளவாகத் தெரியாது. அப்படி ஒரு மனைவி எனக்கு வாய்க்கவில்லை.

குளிர்காலத்தில் அது வளை தோண்ட மெனக்கெடாது, கிரவுண்ட்ஹாக் விட்டுப் போன வளையில் குடியேறிவிடும். அம்மா ஸ்கங்க்குகள் பல சேர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பந்து மாதிரி சுருண்டு தூங்கும். நம் மேட்டு வளையிலும் இப்போது அப்படித்தான். நான் பார்த்தது வெளியே உலாத்தப் போன ஆம்பளை.

இப்படிக்கு,
இன்னும் மனிதனாகவே இருக்கும்
கிஸ்ட்லர் மாமா

எல்டா, இந்தத் துண்டைக் கிழித்துவிட்டு வகுப்பில் படி. வில்மர் வந்தார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று விரலை நனைத்துப் பார்த்துவிட்டு வேலிக்கு அந்தப்புறம் நின்றார். "என்ன ஹர்மன், எப்படி இருக்கே? நீ வராட்டாலும் பரவால்ல, சனிக்கிழமை வேலைய நாங்க முடிச்சிடறோம். தொப்பிய மட்டும் குடுத்தனுப்பு, யாராவது போட்டுக்கணும்ல?" என்றார். "யாராவதுன்னா யாரு?" என்றேன். "பொதுவாச் சொன்னேன்பா" என்று தன் தலையைத் தடவிக்கொண்டார். பொதுவாம்.

•

சமையலறை
வியாழக்கிழமை, 5 பிப்ரவரி

அன்புள்ள ஹர்மனுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படிக்கச் சொன்னார்கள். பாஸ்டரின் மகள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கொம்பு ஆந்தையைப் பற்றிய வரியை நான் விட்டுவிட்டேன், அதற்கு வேறு சந்தர்ப்பத்தில் பதில் சொல்கிறேன்.

ரோடா மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். ஒரு படம் வரைந்தாள். பூமிக்கு அடியில் ஒரு பெரிய வட்டம், அதற்குள் கறுப்புப் பந்துகள், ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைக் கோடு. எல்லாவற்றுக்கும் மூடிய கண். அழகாக இருந்தது, சுவரில் மாட்டினேன்.

அப்போது ஆர்லன் அதைப் பார்த்துவிட்டு, "எங்க தாத்தா சனிக்கிழமை இதுங்களுக்கெல்லாம் புகை போடப் போறாரு. ஒண்ணுகூட வெளிய வராதாம்" என்றான், சர்வ சாதாரணமாக.

"ஏன்?" என்று ஒருத்தி.

"கிஸ்ட்லர் மாமாதான் சொன்னாராம்."

ரோடா எழுந்து போய்ப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து, மடித்து, தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? திங்கட்கிழமைக் கடிதத்தில் நீங்களே எழுதினீர்கள். தலை சுற்றிப்போன நேரத்தில் ஆட்டிய தலைதானே, தெளிந்ததும் நிறுத்திவிடுவார் என்று பொறுத்திருந்தேன். புதன்கிழமை பிள்ளைகளுக்கு, பந்து மாதிரி சுருண்டு தூங்கும் என்று எழுதுகிறீர்கள். அதே காகிதத்தின் வாலில், சனிக்கிழமை யார் தொப்பி போடுவது என்று கவலைப்படுகிறீர்கள்.

நாற்றம் போனதும் உள்ளே வரலாம் என்று ஜன்னலைச் சாத்தும்போது சொல்லியிருந்தேன். அதை மாற்றிக்கொள்கிறேன். சனிக்கிழமை போகட்டும், அப்புறம் பார்க்கலாம்.

எல்டா

•

பட்டறை
வெள்ளிக்கிழமை, 6 பிப்ரவரி

அன்புள்ள எல்டாவுக்கு,

நியாயமாகப் பேசுவோம். நாற்றம் பெரும்பாலும் போய்விட்டது. அடுத்த வீட்டுப் பூனை நேற்று என் மடியில் உட்கார்ந்தது. உடனே எழுந்து போய்விட்டது, ஆனால் உட்கார்ந்தது.

என் நிலைமையை யோசித்துப் பார். இரும்புக்கடைக்காரன் நான். ஊரில் என்னை யார் மதிக்கிறார்கள்? ஆணி வாங்க வருகிறவன்கூட, "போன வாரம் பத்தி அவ்வளவு சிரிப்பா இல்லியே" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறான். வருஷத்தில் ஒரே ஒரு காலை அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பனியில் படுக்கிறேன், அன்றைக்கு மட்டும் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் சொல்வதற்குக் காத்திருக்கிறது. நாளைக்கு நான் போய்ப் புகை வேண்டாம் என்றால் என்ன சொல்வார்கள்? தலைவர் ஸ்கங்க்குக்குப் பயந்துவிட்டார் என்பார்கள். "அடி வாங்கினது நீ, பரிதாபப்படறதும் நீயா" என்று வில்மர் கேட்பார். உடனே ஓட்டெடுப்பு, தொப்பி அவர் தலைக்குப் போகும். அவருக்குப் பெரிய தலை வேறு, தொப்பியே கிழிந்துவிடும்.

வளையில் இருப்பவை வெறும் ஸ்கங்க்குகள். இந்த மாவட்டத்தில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகள் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள்.

மறந்துவிடுவார்கள்தானே?

தட்டோடு நீ சுடும் வெல்லப்பாகுப் பலகாரம் ஒரு துண்டு வைத்தால் நன்றாக இருக்கும்.

ஹர்மன்

•

பட்டறை
சனிக்கிழமை மாலை, 7 பிப்ரவரி

அன்புள்ள எல்டாவுக்கு,

நேற்றைய கடிதத்துக்குப் பதில் இல்லை. தட்டில் உருளைக்கிழங்கு இருந்தது, பலகாரம் இல்லை. புரிந்துகொண்டேன்.

மேட்டில் நடந்தது இதற்குள் பல வடிவங்களில் உன் காதுக்கு வந்திருக்கும். என் வடிவத்தையும் கேள்.

நேராக மேட்டுக்குப் போவதாகத்தான் கிளம்பினேன். கால் ரோடாவின் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. அவள் அம்மா கதவைத் திறந்ததும் இடுப்பில் கட்டிய சமையல் துணியால் மூக்கை மூடிக்கொண்டாள். அப்படியென்றால் பூனை சொன்னதுதான் சரி. நான் வேலிக் கதவுக்கு வெளியிலேயே நின்றேன். ரோடா அம்மாவின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். ஆங்கிலத்தில்தான் சொன்னேன். "திங்கக்கிழம நீ சொன்னது சரி. நான் கேட்டிருக்கணும்மா. சிரிச்சவங்க எல்லாரும் கண்ண மூடிட்டு நின்னவங்க, நீ ஒருத்திதான் பார்த்துட்டிருந்தே" என்றேன். ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஐந்து வயதுப் பிள்ளை என்னை எடை போட்டுவிட்டுத் தராசைக் கீழே வைத்த மாதிரி இருந்தது.

மேட்டில் வில்மர் கந்தகமும் துருத்தியும் வைக்கோலுமாகத் தயாராக இருந்தார். என்னைக் கண்டதும் கூட்டம் தானாக விலகியது. தலைவருக்கு இவ்வளவு மரியாதை இதுவரை கிடைத்ததில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வளை வாசலில் போய் உட்கார்ந்தேன்.

"எந்திரி ஹர்மன், பத்த வைக்கணும்" என்றார் வில்மர்.

"பத்த வைக்கப் போறதில்ல."

"என்னப்பா, ஸ்கங்க்குக்கு அடிமையாயிட்டியா?"

"எப்படி வேணா வச்சுக்கோ. உள்ள தூங்கறதுங்க ஒண்ணும் பண்ணல. என்னை அடிச்சது வெளிய இருந்து வந்தது. அதுவும் சொல்லிட்டுத்தான் அடிச்சுது."

"ஓட்டுக்கு விடுவோம்."

"எதுக்கு ஓட்டு? உனக்கு எது வேணும்னு எனக்குத் தெரியும். வளைய இனிமே யாரும் தொட மாட்டாங்கன்னு எல்லார் முன்னாலயும் சொல்லு. இதை எடுத்துக்கோ." தொப்பியை நீட்டினேன்.

எல்டா, அந்த மனிதரின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பத்து வருஷ ஆசை ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம். தொப்பியைப் பார்க்கிறார், வளையைப் பார்க்கிறார், அண்ணாந்து நல்ல காற்றை ஒரு வாய் இழுக்கிறார். கடைசியில் சொன்னார். அசல் டச்சில், சாட்சிகள் முன்னிலையில். சொல்லிவிட்டுத் தொப்பியை வாங்கி, கண்ணை இறுக மூடி, காது வரை இழுத்துப் போட்டுக்கொண்டார். தாரை தாரையாகக் கண்ணீர் வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று சங்கத்துக் குறிப்பில் பதிவு செய்தார்கள். புதுத் தலைவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவது வழக்கம். இந்த முறை அவர் முன்னால் தனியாக நடக்க, ஊர்வலம் வெகு தூரத்தில் வந்தது.

சற்று முன் கிடைத்த செய்தி. அவர் வீட்டம்மா அவரைக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் இறக்கியிருக்கிறாளாம். கோழிகள் முட்டையிட மறுக்கின்றனவாம்.

நான் இப்போது எதற்கும் தலைவன் இல்லை. மேட்டிலிருந்து இறங்கும்போது தலை குளிர்ந்தது. அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. இதைச் சொல்லி உள்ளே வர அனுமதி கேட்கவில்லை. அடுப்புக்கு விறகு தீர்ந்துவிட்டது, அதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

உன்,
ஹர்மன்

•

சமையலறை
திங்கட்கிழமை மாலை, 9 பிப்ரவரி

என் அன்பு ஹர்மனுக்கு,

நேற்று விறகு வைத்தேன், கடிதம் வைக்கவில்லை. எழுத உட்கார்ந்தால் சிரிப்பு வந்தது. வில்மரின் மனைவி தேவாலயத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உன்கிட்ட தக்காளிச் சாறு மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள். "அது வேலைக்கு ஆகாதுடி" என்றேன். "தெரியும், அவருக்கு அது தெரிய வேண்டாம்" என்றாள்.

இன்று வகுப்பில் உங்கள் ஸ்கங்க் கடிதத்தை மறுபடி படிக்கச் சொன்னார்கள். படித்து முடித்தேன். பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. நான் ஆர்லன் என்று நினைத்து, "என்னடா?" என்றேன்.

"மாமா குட்டிங்களப் பத்தி எழுதவே இல்ல" என்றாள் ரோடா.

கரும்பலகையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன், ஹர்மன். "ஆமா, விட்டுட்டாரு" என்றேன்.

"குட்டி எப்ப வரும்?"

"மே மாசம்."

"எத்தன?"

"நாலஞ்சு இருக்கும்."

"அதுங்களுக்கும் கோடு இருக்குமா?"

பிறகு நிறுத்தவே இல்லை. கண் எப்போது திறக்கும், அம்மாவின் பின்னால் வரிசையாகப் போகுமாமே, வரிசையில் முதலில் யார் நிற்பார்கள், சண்டை வராதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசிக் கேள்விக்கு, "மாமாவைத்தான் கேக்கணும்" என்று சொல்லியிருக்கிறேன். மே மாதம் பிள்ளைகளை மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம், நீங்களும் வருகிறீர்கள். தூர நின்று பார்ப்போம். எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசலாம் என்று புதுத் தலைவரிடம் கொட்டகை ஜன்னல் வழியாக அனுமதி வாங்கிவிட்டேன். அவர் எதற்கும் சம்மதிக்கும் நிலையில் இருக்கிறார்.

இன்னொரு விஷயம். நாளைக்கு ஃபாஸ்நாக்ட். தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய், மாவைப் பிசைந்து புளிக்க வைத்திருக்கிறேன், காலையில் பணியாரம் பொரிக்க வேண்டும். அன்றைக்கு வீட்டில் கடைசியாக எழுந்திருப்பவரைத்தான் நாள் முழுக்கக் கேலி செய்வது என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வருஷா வருஷம் அது நீங்கள்தான். இந்த வருஷம் எனக்குத் தூங்க ஆசையாக இருக்கிறது. ஆனால் வீட்டில் நான் ஒருத்தி மட்டும் இருந்தால் நானே முதல், நானே கடைசி. கேலி செய்ய ஆளில்லாமல் எப்படித் தூங்குவது?

பின்கதவைத் தாழிடவில்லை. பட்டறைச் சட்டையைப் படியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வாருங்கள்.

எல்டா